சில்லாநத்தம் கார் ஆலையும் பேட்டை லேத் பட்டறையும்

2025 ஆகஸ்டில் தூத்துக்குடி சில்லாநத்தத்தில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறந்தபோது எல்லோரும் கேட்டது இரண்டே கேள்விகள்: எத்தனை கோடி, எத்தனை பேருக்கு வேலை? வெளிநாட்டு முதலீடு திருநெல்வேலிச் சீமைக்குப் புதிதல்ல. 1880களிலேயே ஹார்வி சகோதரர்கள் என்ற பிரிட்டிஷ்காரர்கள் பாபநாசம் அருவித் தண்ணீரை நம்பி விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை போட்டார்கள். கங்கைகொண்டான் சிப்காட்டில் இன்று ஜப்பானின் யோகோஹாமா நிறுவனத்துக்குச் சொந்தமான டயர் ஆலை ஓடுகிறது. ஆனால் பொருளியலாளர்கள் தலையை உடைத்துக்கொள்ளும் கேள்வி வேறு. இப்படி ஒரு ஆலை வந்தால், அதன் கேட்டுக்கு வெளியே தொழில் செய்துகொண்டிருக்கும் நம் ஆட்களின் உற்பத்தித்திறன் கூடுமா, குறையுமா?

உற்பத்தித்திறனை எப்படி அளப்பது? திருநெல்வேலி பேட்டையில் இரண்டு லேத் பட்டறைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே மாதிரி லேத், அதே எண்ணிக்கையில் டர்னர்கள், ஒரே அளவு இரும்பு, ஒரே கரண்ட் பில். ஒருவர் நாளுக்கு 100 ஷாஃப்ட் கடைகிறார், மற்றவர் 120. அந்த 20 எங்கிருந்து வந்தது? வேலையை அடுக்கும் முறை, கழிவு குறைவு, மேற்பார்வை, அனுபவம் என்று எதுவாகவும் இருக்கலாம். மொத்தக் காரணி உற்பத்தித்திறன் என்பது இந்த மிச்சம்தான். போட்டதையெல்லாம் கழித்த பிறகு எஞ்சுவதால் அதை நேரடியாகப் பார்க்க முடியாது. இதில் ஒரு சிக்கல் உண்டு. கெட்டிக்கார முதலாளி தன் கை ஓங்குவது தெரிந்து முன்கூட்டியே இன்னொரு மிஷின் வாங்கிவிடுவார். சாதாரணக் கணக்கு அவர் கெட்டிக்காரத்தனத்தின் பெருமையை மிஷினுக்குக் கொடுத்துவிடும். இதைத் திருத்த ஆலி, பேக்ஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1996இல் ஒரு வழி சொன்னார்கள். அதன் பிறகுதான் இந்த ஆராய்ச்சி சூடு பிடித்தது.

முதலில் கிடைத்த விடை கசப்பானது. பிரையன் எய்ட்கென், ஆன் ஹாரிசன் இருவரும் வெனிசுவேலா ஆலைகளின் கணக்கை ஆராய்ந்து 1999இல் எழுதினார்கள்: ஒரு துறையில் வெளிநாட்டு முதலீடு கூடும்போது, அதே துறையில் இருக்கும் உள்ளூர் ஆலைகளின் உற்பத்தித்திறன் இறங்குகிறது. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள நம்மூர் கலர் கம்பெனி ஒன்றை நினைத்தால் போதும். பெரிய பன்னாட்டுக் குளிர்பானம் வந்து பாதி கடைகளைப் பிடித்துக்கொள்கிறது. பாட்டில் கழுவும் மிஷின், லோடு வண்டி, வாடகை, கணக்குப்பிள்ளை சம்பளம் எதுவும் பாதியாகாது. விற்பனை மட்டும்தான் பாதியாகும். யாரும் தொழிலை மறக்கவில்லை, சோம்பேறியாகவும் ஆகவில்லை. ஆனாலும் கணக்கில் திறன் சரிந்துவிடும். (கங்கைகொண்டானில் குளிர்பானம் என்றால் நமக்கு முதலில் தாமிரபரணித் தண்ணீர் வழக்குதான் நினைவுக்கு வரும். அது தனிக் கதை.)

திருப்பம் 2004இல் வந்தது. போலந்தில் பிறந்த பொருளியலாளர் பியாட்டா யாவர்சிக், லிதுவேனியா நிறுவனங்களின் 1996 முதல் 2000 வரையிலான தரவைக் கையில் எடுத்தார். போட்டியாளர்களிடம் மட்டும் தேடாமல், அந்நிய ஆலைகளுக்குச் சரக்கு விற்கிறவர்களிடமும் தேடினார். பலன் விற்கிறவர்களிடம் இருந்தது. வாங்கும் துறைகளில் வெளிநாட்டுப் பங்கு ஒரு திட்ட விலகல் அளவு (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) கூடினால், விற்கும் துறையிலுள்ள உள்ளூர் நிறுவனத்தின் உற்பத்தி, போட்ட இடுபொருள் மாறாமலேயே, சுமார் 15 சதவீதம் உயர்வதோடு சேர்ந்து வருகிறது என்று கண்டார்.

யோசித்தால் இதில் ஆச்சரியமே இல்லை. தன் தொழில் நுணுக்கத்தைப் போட்டியாளருக்கு எவன் சொல்லிக்கொடுப்பான்? சரக்கு தருகிறவர் தேறினால்தானே தனக்கு லாபம்! அதனால் அவருக்கு வலியச் சொல்லிக்கொடுப்பான். பட்டறையில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒரு புஷ்ஷுக்கு வரைபடம் வருகிறது. உள்விட்டம் 25 மில்லிமீட்டர், கூடக்குறைய 0.02க்கு மேல் போகக்கூடாது. அதுவரை வெர்னியர் வைத்து, ‘ஏறுது, போதும்’ என்று அனுப்பிக்கொண்டிருந்தவருக்கு இது புது உலகம். முதல் லாட் திரும்பி வரும். “அண்ணாச்சி, பாதிக்கு மேல கேஜ்ல நிக்கல்லியே” என்று போன் வரும். அப்புறம் மைக்ரோமீட்டர் வாங்குவார், ஒவ்வொரு பத்தாவது பீஸையும் அளந்து நோட்டில் குறிக்கச் சொல்வார், டூல் எப்போது தேய்கிறது என்று அந்த நோட்டைப் பார்த்தே கண்டுபிடிப்பார். ரிஜெக்ட் குறையும். அதே நோட்டும் அதே பழக்கமும் அவர் உள்ளூர் பம்புசெட் கம்பெனிக்குக் கடைந்து கொடுக்கும் ஷாஃப்டிலும் வேலை செய்யும். பரவல் விளைவு என்று பொருளியலாளர்கள் சொல்வது இதைத்தான்.

யாவர்சிக்கின் முடிவில் பலரும் தாண்டிப் போகிற ஒரு வரி உண்டு. இந்தப் பலன் உள்ளூர்க் கூட்டாளியோடு வந்த வெளிநாட்டு முதலீட்டில்தான் தெரிந்தது. முழுக்க வெளிநாட்டுக்கே சொந்தமான ஆலைகளில் தெரியவில்லை. உள்ளூர்க் கூட்டாளிக்கு யாரிடம் என்ன கிடைக்கும் என்பது தெரியும், அதனால் இங்கேயே வாங்குவார் என்பது ஒரு விளக்கம். தனியாக வருகிறவர் பழைய சப்ளையரிடமிருந்தே கப்பலில் வரவழைத்துக்கொள்வார்.

சரி, கெட்டிக்காரப் பட்டறைகளாகப் பார்த்துத்தானே ஆர்டர் கொடுத்திருப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான சந்தேகம். வெளிநாட்டார் உள்ளூர் ஆலைகளை விலைக்கு வாங்குவதிலும் இதே சந்தேகம் உண்டு. யென்ஸ் ஆர்னால்டும் யாவர்சிக்கும் இந்தோனேசியாவில், வெளிநாட்டார் வாங்கிய ஆலை ஒவ்வொன்றையும், வாங்கப்படாத அதே சாயலுள்ள ஆலையோடு ஜோடி சேர்த்துப் பார்த்தார்கள். மூன்று ஆண்டில் வாங்கப்பட்ட ஆலையின் உற்பத்தித்திறன் 13.5 சதவீதம் கூடுதல். ஆக, நல்லதைப் பொறுக்கி எடுத்தது மட்டும் காரணமில்லை.

லிதுவேனியா ஆய்வில் இன்னொரு குறை, எந்த நிறுவனம் எந்த நிறுவனத்துக்கு விற்றது என்று தெரியாது. துறை வாரியான சராசரியை வைத்துத்தான் யாவர்சிக் கணித்தார். பின்னால் கோஸ்டா ரிகாவில் ஆராய்ந்தவர்கள் வரித்துறையிடம் இருந்த, நிறுவனத்துக்கு நிறுவனம் நடந்த கொள்முதல் பதிவுகளையே பயன்படுத்தினார்கள். பன்னாட்டு நிறுவனத்துக்கு விற்கத் தொடங்கிய பிறகு உள்ளூர் நிறுவனங்கள் வளர்ந்ததும், திறன் கூடியதும் அங்கேயும் தெரிந்தது.

என்னைக் கேட்டால், சில்லாநத்தத்தில் வேலையாட்களின் எண்ணிக்கையைவிட முக்கியமானது, அந்த ஆலை எந்த ஊரிலிருந்து என்ன வாங்குகிறது என்பது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பாகங்கள் வந்து இறங்கி, இங்கே பூட்டி மட்டும் அனுப்பினால் பேட்டைக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. இதை ஊகிக்கக்கூட வேண்டாம். ஜிஎஸ்டியில் ஒவ்வொரு சப்ளையரும் போடும் பில்லில் வாங்குகிறவரின் பதிவு எண் ஏறுகிறது. பெயர்களை மறைத்துவிட்டு அந்தத் தரவை ஆராய்ச்சிக்குக் கொடுத்தால், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துப் பொருளியல் மாணவர் ஒருவரே கங்கைகொண்டானுக்கும் தூத்துக்குடிக்கும் இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம்.