505 குதிரைசக்திக்கு எந்த கியர் பொருந்தும்?

காருக்கு பிக்கப் போதவில்லை என்றால் பின் ஆக்ஸிலில் கிரவுன் பினியனை (சக்கரங்களைச் சுழற்றும் கடைசிப் பல்சக்கர ஜோடியை) மாற்றுவது பழைய வழக்கம். 3.42 விகிதம் இருந்த இடத்தில் 4.10 போட்டால் கார் பாயும் என்பார்கள். சின்ன எஞ்சினுக்கு அது சரிதான். ஆனால் 500 குதிரைசக்தி உள்ள காருக்கு அதே வைத்தியம் பெரும்பாலும் பலிக்காது. காரணம் புரிய, 2006 மாடலாக வந்த செவர்லே கார்வெட் இஸட்06 காரின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

அதன் 7 லிட்டர் எஞ்சின் 4,800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 4,800 சுற்றில்) 637 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் திறன், தரும். 6,300-இல் 505 குதிரைசக்தி. 7,000 ஆர்பிஎம் எல்லை. முதல் கியர் விகிதம் 2.66, ஆக்ஸில் 3.42. இரண்டையும் பெருக்கினால் 9.1. அதாவது எஞ்சின் 9.1 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். டார்க் அதே 9.1 மடங்கு பெருகி, 5,800 நியூட்டன் மீட்டரைத் தொடும். பின் டயரின் ஆரம் சுமார் 34 செ.மீ. எனவே டயர் சாலையைத் தள்ளும் விசை ஏறத்தாழ 17,000 நியூட்டன். வழியில் உராய்வில் கொஞ்சம் போகும், போகட்டும்.

சாலை அதைத் தாங்குமா என்பதுதான் கேள்வி. ஓட்டுநரோடு சேர்த்துக் கார் சுமார் 1,500 கிலோ. கிளம்பும்போது எடை பின்னால் சாய்வதால் அதில் அறுபது சதவீதம் பின் டயர்களில் விழும் என்று வைத்துக்கொள்வோம். நல்ல சாலையிலும் அவற்றின் பிடிப்பு 9,000 நியூட்டன் அளவில் முடிந்துவிடும். முதல் கியரிலேயே தேவைக்கு இரு மடங்கு விசை கையில் இருக்கிறது! 4.10 ஆக்ஸில் அதை இன்னும் 20 சதவீதம் கூட்டும். கிடைப்பது புகைதான், வேகம் அல்ல.

இழப்பு வேறு உண்டு. 3.42-இல் முதல் கியரே மணிக்கு 98 கி.மீ. வரை போகும். அமெரிக்காவில் எல்லோரும் ஒப்பிடும் 60 மைல், அதாவது 96.6 கி.மீ., கியர் மாற்றாமலே வந்துவிடும். 4.10 போட்டால் 82-இலேயே கிளட்ச்சை மிதிக்க வேண்டும். இதற்கு முந்தைய இஸட்06, கடைசியாக 405 குதிரைசக்தியோடு வந்தது. அதில் முதல் கியர் 2.97. ஆக்ஸில் அதே 3.42. சக்தி நூறு கூடியதும் முதல் கியரின் விகிதத்தைக் குறைத்து அதை நீளமாக்கியிருக்கிறார்கள். எனக்கு இந்தத் தேர்வு மிகவும் பிடிக்கும்.

அப்புறம் கியர்களுக்கு இடையே உள்ள தூரம். 7,000-இல் இரண்டாம் கியருக்கு (1.78) மாற்றினால் எஞ்சின் சுமார் 4,700-க்கு இறங்கும். மூன்றாவதுக்கு (1.30) 5,100, நான்காவதுக்கு (1.00) 5,400. நான்காவது வரை மேலே போகப் போக இறக்கம் குறைகிறது. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுவதால், உயர் வேகத்தில் எஞ்சின் தன் உச்ச சக்திக்குப் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும்.

இந்தக் காரின் உச்ச வேகம் மணிக்கு 319 கி.மீ. அது கிடைப்பது ஆறாவது கியரில் அல்ல, 0.74 விகிதமுள்ள ஐந்தாவதில். அந்த வேகத்தில் எஞ்சின் எவ்வளவு சுற்றும் என்று கணக்கிட்டால் 6,300 வருகிறது. உச்ச சக்தி பிறக்கும் அதே இடம்! 4.10 போட்டால் ஐந்தாவது கியர் 295-இலேயே எல்லையைத் தொட்டுவிடும். ஆறாவது (0.50) நெடுஞ்சாலைக்கு மட்டும், 100 கி.மீ. வேகத்தில் 1,340 ஆர்பிஎம், பெட்ரோலும் மிச்சம்.

நேர்கோட்டில் பாயும் டிராக் (drag) பந்தயத்துக்கென்றே ஒட்டிப் பிடிக்கும் ஸ்லிக் டயர் போடுபவர்களுக்கு 4.10 நியாயமான தேர்வு. ஆனால் டயரை மாற்றும்போது விட்டத்தையும் பார்க்க வேண்டும். 67.8 செ.மீ. டயருக்குப் பதில் 65 செ.மீ. போட்டால், ஆக்ஸிலைத் தொடாமலே விகிதம் 3.57 ஆனதுபோல் இருக்கும். முதல் கியரும் 94 கி.மீ.-இலேயே தீர்ந்துவிடும்.