கரு கலைஞ்சா 6 வாரம் சம்பளத்தோட லீவு இருக்கு, கேட்டு வாங்குங்க

எங்ககூட வேலை பார்த்த பொண்ணு ஒருத்தி, மூணாவது மாசம் கரு கலைஞ்சு டி அண்ட் சி பண்ணி, நாலாவது நாளே சீட்டுல வந்து உக்காந்திருந்தா, முகமெல்லாம் வெளுத்துப் போயி, வயித்தப் பிடிச்சுக்கிட்டு. ஏம்மா வந்தேன்னு கேட்டா "லீவு இல்லயாம்க்கா, லாஸ் ஆஃப் பேன்னுட்டாங்க"ங்கறா.

அப்படிச் சொன்னதே தப்பு. கலைஞ்ச மறுநாள்ல இருந்து 6 வாரம் சம்பளத்தோட லீவு, 1961 மகப்பேறு சட்டத்துலயே இருந்தது, 2020 சமூகப் பாதுகாப்பு சட்டத்துலயும் இருக்கு. கான்ட்ராக்ட்ல இருக்கறவங்களுக்கும் உண்டு. கர்ப்பத்தால வர்ற நோவுக்கு இன்னும் 1 மாசம் வரைக்கும் தனி. அத உங்க கேஷுவல் லீவுல கழிக்க விடாதீங்க.

இப்ப எங்க மாட்டுவீங்கன்னு சொல்றேன். டிஸ்சார்ஜ் சம்மரில வெறும் "வயித்து வலி, ரத்தப்போக்கு"ன்னு எழுதிக் கொடுத்துடுவாங்க, அத வச்சு எச்ஆர் திருப்பி அனுப்பிடும். கரு கலைஞ்சதுன்ற வார்த்தை, எத்தனாவது வாரம், எந்தத் தேதி, மூணும் இருக்கான்னு ஆஸ்பத்திரிய விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே பாருங்க, அந்த நேரத்துல இதெல்லாம் எப்படிம்மா பாக்கறதுன்னு எனக்கும் தெரியுது, கூட வந்தவங்களப் பாக்கச் சொல்லுங்க.

வாரக் கணக்கு ரொம்ப முக்கியம். 26 வாரம் வரைக்கும்தான் கருச்சிதைவு. அதுக்கப்புறம் குழந்தை இறந்தே பிறந்தாலும் சட்டப்படி அது பிரசவம், முழு மகப்பேறு லீவு உண்டு. "குழந்தைதான் இல்லையே"ன்னு 6 வாரத்தோட அனுப்பப் பாப்பாங்க, மனசு உடைஞ்சு கிடக்கறவகிட்ட எப்படித்தான் அந்த வார்த்தையச் சொல்ல வாய் வருதோ.

ஈஎஸ்ஐல, அதாவது சம்பளத்துல பிடிக்கற தொழிலாளர் காப்பீட்டுல இருந்தா, பணம் ஈஎஸ்ஐ கொடுக்கும், லீவு கம்பெனி கொடுக்கணும். கம்பெனி ஈஎஸ்ஐய காட்டும், ஈஎஸ்ஐ கிளை ஆபீஸ் டிஸ்பென்சரி சர்டிபிகேட் எங்கேன்னு கேக்கும், நடுவுல நீங்க ஆட்டோ பிடிச்சு அலையணும். பிரைவேட்ல பார்த்திருந்தா அந்தப் பேப்பரோட மொதல்ல டிஸ்பென்சரிக்கே போயிடுங்க. முந்தின ரெண்டு பங்களிப்புக் காலத்துல (ஆறாறு மாசக் கணக்கு அது) 70 நாளுக்குப் பணம் கட்டியிருக்கணும், பிடிச்ச காச கம்பெனி ஒழுங்கா கட்டுச்சான்னும் பாத்துக்கோங்க.

லீவ போன்ல கேக்காதீங்க, மெயில்ல கேளுங்க. ரிசைன் பண்ணிட்டு அப்புறம் சேந்துக்கோன்னு சொன்னா கையெழுத்தே போடாதீங்க, இந்த லீவுல இருக்கும்போது வேலைய விட்டு எடுக்கறது சட்டவிரோதம். தரலன்னா தொழிலாளர் துறை ஆபீஸ்ல எழுதிக் கொடுங்க, நகல்ல சீல் வாங்காம வராதீங்க, இல்லன்னா அடுத்த வாட்டி போறப்ப மனுவே வரலம்பாங்க.