குறட்டைக்கும் சிறுநீருக்கும் என்ன சம்பந்தம்?

“அப்பாவுக்கு 58 வயது. ராத்திரி நாலு தடவை ஒன்றுக்குப் போக எழுந்திருக்கிறார். சுகர் இல்லை, பிராஸ்டேட்டும் சரியாக இருக்கிறது. டாக்டரோ ‘குறட்டை விடுவாரா?’ என்கிறார். மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாரே?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

டாக்டர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். அந்த முடிச்சைப் போடுவது இதயம்.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து காற்றுப்பாதையை அடைத்துவிடும். 10 விநாடி, சில சமயம் ஒரு நிமிடம்கூட மூச்சு நிற்கும். குறட்டை சட்டென்று நின்று அறையே அமைதியாகுமே, அந்த நேரம்தான். அப்புறம் மூளை உலுக்கி எழுப்ப, ‘கர்ர்ர்’ என்று மூச்சு திரும்பும். இப்படித் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய்க்கு ‘ஸ்லீப் ஆப்னியா’ என்று பெயர். மணிக்கு 30 தடவை நடந்தால் நோய் கடுமை என்று பொருள்.

பாதை அடைபட்டாலும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, ஒரு நொடி மூச்சை உள்ளே இழுத்துப் பாருங்கள். காறை எலும்புக்கு மேலே குழி விழும். நெஞ்சுக்குள் அழுத்தம் அவ்வளவு இறங்குகிறது. காற்று வர வழியில்லை. ரத்தம் வர வழி உண்டு. சிரைகளில் இருக்கும் ரத்தம் நெஞ்சுக்குள் இழுபட்டு, இதய மேலறையின் மெல்லிய சுவரை விரிக்கிறது. மேலறைக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்: சுவர் விரிந்தால் உடம்பில் தண்ணீர் கூடிவிட்டது. உடனே ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. சிறுநீரகமும் அதை நம்பி உப்பையும் நீரையும் வெளியே தள்ளுகிறது. கூடுதல் தண்ணீர் ஒரு சொட்டுகூட இல்லாமலே!

இந்த ஹார்மோன் தெரியவந்தது 1981-இல். கனடாவில் அடோல்ஃபோ டி போல்ட், எலியின் மேலறைத் திசுவிலிருந்து எடுத்த சாற்றை வேறு எலிகளுக்கு ஊசியில் ஏற்றினார். அவற்றுக்குச் சிறுநீர் கொட்டியது. மேலறைச் செல்களுக்குள் தெரிந்த குட்டி மணிகள் எதற்காக என்ற கேள்வியில் தொடங்கிய வேலை அது. ‘இதனால் என்ன பயன்?’ என்று கேட்டு ஆராய்ச்சிப் பணத்தை வெட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இந்த எலிகள்தான் ஞாபகம் வரும்.

அதே 1981-இல் சிட்னியின் காலின் சல்லிவன், மூக்கு வழியே காற்றை விடாமல் அழுத்தித் தொண்டையைத் திறந்தே வைக்கும் முறையை வெளியிட்டார். இன்றைய சிபாப் கருவி அதுதான். மூச்சுக்குழாய்க்குக் குருத்தெலும்பு வளையம் உண்டு, தொண்டைக்கு இல்லை. அங்கே காற்றே முட்டுக் கொடுக்கிறது. தொண்டை அடைபடாவிட்டால் மேலறையும் ஏமாறாது. பலருக்கு ராத்திரி எழுந்திருப்பது குறைந்துவிடுகிறது.

குறட்டை விட்டால் அசந்து தூங்குகிறார் என்று நம் வீடுகளில் இன்னும் நம்புகிறார்கள். கேள்வி கேட்ட அம்மா, இன்று ராத்திரி உங்கள் அப்பா தூங்கும்போது போனில் பதிவு செய்யுங்கள். சத்தம் நின்று மறுபடி தொடங்கும் இடைவெளியை எண்ணி, அதை டாக்டரிடம் போட்டுக் காட்டுங்கள்.