சல்லடைக்குச் சிக்காத புகை

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் என் மாமா கிரில் பட்டறை வைத்திருந்தார். ஜிஐ பைப் வெல்டிங் செய்த நாளில் ராத்திரி குளிரும் காய்ச்சலுமாகக் கிடப்பார், மறுநாள் எழுந்து வேலைக்குப் போய்விடுவார். "ரெண்டு மட்டிப்பழம் தின்னா புகை இறங்கிடும்" என்பார். பழம் போவது வயிற்றுக்கு, புகை போவது நுரையீரலுக்கு. பைப்பின் மேல் பூசிய துத்தநாகம் வெல்டிங் சூட்டில் ஆவியாகி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து வெள்ளைப் புகையாகிறது. அந்தக் காய்ச்சல் அதிலிருந்து வருவது. பழம் தின்றாலும் தின்னாவிட்டாலும் ஓரிரு நாளில் தானே இறங்கும்.

எல்லாப் புகையும் அப்படி விட்டுப் போவதில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெல்டிங் புகையில் இருக்கும் ஒருவகை குரோமியம் நுரையீரல் புற்றுநோயைத் தரக்கூடியது. 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, வெல்டிங் புகை முழுவதையுமே உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்தது.

கிரைண்டிங் தூசி பெரும்பாலும் கனமானது, கொஞ்ச நேரத்தில் தரையில் படிந்துவிடும். வெல்டிங் புகையோ ஆவி குளிர்ந்து உண்டான துகள். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால், இந்தத் துகள்களில் பெரும்பாலானவை 1 மைக்ரானுக்கும் கீழே. முகத்தில் கட்டும் துண்டின் இழை இடைவெளி அதற்குத் திறந்த வாசல் மாதிரி.

அப்படியானால் பட்டறையில் புகையை உறிஞ்சும் இயந்திரத்தின் ஃபில்டர் அதை எப்படிப் பிடிக்கிறது? ஃபில்டரைச் சல்லடை என்று நினைத்தால் விளங்காது. அது நார்களின் காடு. காற்று நார்களைச் சுற்றி வளைந்து போகும். கனமான துகளால் அந்த வளைவில் திரும்ப முடியாது, நேரே போய் நாரில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறிய துகளைக் காற்றின் மூலக்கூறுகள் நாலா பக்கமும் இடித்துத் தள்ளுவதால் அது தள்ளாடித் தள்ளாடி ஏதோ ஒரு நாரில் போய் விழும். இதுதான் பிரௌனியன் இயக்கம். தப்பிப்பது நடுவில் இருப்பது: மோதும் அளவுக்குக் கனமில்லை, தள்ளாடும் அளவுக்குச் சிறியதுமில்லை. அது ஏறக்குறைய 0.3 மைக்ரான். அதனால்தான் நுண்துகளைப் பிடிக்கவென்றே செய்த ஹெபா ஃபில்டரை அந்த அளவில் சோதிக்கிறார்கள், அங்கேயே 99.97 சதவீதம் பிடிக்க வேண்டும். அதைவிடச் சிறிய துகள் இன்னும் எளிதாகச் சிக்கும் என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

தள்ளாடும் துகள் நாரில் விழ நேரம் வேண்டும், அதனால் காற்று மெதுவாகப் போக வேண்டும். மெதுவாகப் போனாலும் நிறையக் காற்றைச் சுத்தம் செய்ய வேண்டுமே, அதற்குப் பெரிய பரப்பு தேவை. ஆகவே இந்த இயந்திரங்களில் ஃபில்டர் தாளைச் சேலைக் கொசுவம் மாதிரி மடித்து உருளையாக வைக்கிறார்கள். தூசி படியப் படிய, உள்ளே இருக்கும் அழுத்தக் காற்று சட்டென்று அடித்து உதிர்த்துவிடும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும். ஈரக் காற்றில் தூசி களிபோல ஒட்டிக்கொண்டு உதிராது என்பதால் மழைக்காலத்தில் ஃபில்டரை அடிக்கடி பார்க்க வேண்டும். தீப்பொறி உள்ளே போய் ஃபில்டரைப் பற்றவைக்காமல் இருக்க, முன்னாலேயே ஒரு தடுப்பும் தேவை. அலுமினியத் தூசியை இரும்புத் தூசியோடு ஒரே இயந்திரத்தில் சேர்க்கவே கூடாது. துருவும் அலுமினியமும் பற்றிக்கொண்டால் அந்தச் சூட்டில் இரும்பே உருகும்.

ஆனால் ஃபில்டர் எவ்வளவு நல்லதானாலும் புகை அதன் வாய்க்கு வந்து சேர வேண்டும். விளக்கை ஓரடி தள்ளி நின்று ஊதி அணைக்கலாம், உறிஞ்சி அணைக்க முடியுமா? உறிஞ்சும் குழாய் எல்லாப் பக்கத்திலிருந்தும் காற்றை இழுப்பதால், வாயின் விட்டம் அளவுக்குத் தள்ளிப் போனாலே வேகம் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகிவிடும். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் என்றால் வெல்டிங் இடத்திலிருந்து அதே 15 சென்டிமீட்டர் தூரத்துக்குள் இருக்க வேண்டும், அதுவும் பக்கவாட்டில். பெடஸ்டல் ஃபேனோ, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றோ குறுக்கே அடித்தால் அந்தச் சின்ன இழுப்பும் சிதறிப் போகும்.

மாமாவின் பட்டறையிலும் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தது, சுவரின் உச்சியில். ராடின் முனையிலிருந்து கிளம்பும் புகை, குனிந்திருந்த அவர் முகத்தைத் தாண்டித்தான் அங்கே போய்ச் சேர்ந்தது.