ஓடையில் கிடக்கும் கல் குப்பை அல்ல

மறுபடியும் ஒரு மலையோடைக்குள் பொக்லைன் இறங்கியிருக்கிறது. பாறைகளைப் பெயர்த்துக் கரையில் குவித்து, வளைவை நிமிர்த்தி, இருபுறமும் சுவர் எழுப்பி, "ஓடையைச் சுத்தம் பண்ணிட்டோம்" என்கிறார்கள். நீலகிரியானாலும் கொடைக்கானலானாலும் இதே கூத்துதான்.

"கல் அடைச்சுக்கிட்டு இருக்கு, எடுத்தா தண்ணி வேகமாப் போயிடும்." போகும்தான், கேடே அதில்தான். நூறு அடிக்கு நாலைந்து அடி இறங்கும் ஓடையில் பாறைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு படிபடியாக நிற்கும். ஒவ்வொரு படிக்கும் கீழே ஒரு மடு. விழுகிற தண்ணீர் அந்த மடுவிலேயே சுழன்று வேகத்தைத் தொலைக்கிறது. படிகளை அடுக்கி வைத்ததே பழைய பெருவெள்ளங்கள்தான்; சாதாரண மழைக்கு அவை அசையாது. படியை எடுத்துவிட்டால் மிச்சமான வேகம் தரையைத் தோண்டும். அந்தத் தோண்டல் ஓடையின் மேற்பக்கமாக ஏறிக்கொண்டே போகும். கல் எடுத்தது சாலைக்குக் கீழே. சரிவது சாலைக்கு மேலே இருப்பவரின் தேயிலை.

நம்பிக்கை இல்லையென்றால் கோடையில் ஓடைக்குள் இறங்கி, நெருக்கியடித்துக் கிடக்கும் மேற்கற்களில் நாலை நகர்த்திப் பாருங்கள். அடியில் பொடிக்கல்லும் மணலுமாக இருக்கும். மேலே கிடந்த கல்தான் அதற்குக் கவசம். (பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வையுங்கள்!) கவசம் போனால் அடுத்த மழையில் மணல் கிளம்பி, சரிவு குறையும் இடத்தில் படியும்: சிறுபாலத்தின் அடியில், வயலில், அணையில். கோவைக்குக் குடிநீர் தரும் பில்லூர் அணையில் வண்டல் சேர்ந்து கிடப்பது ஊரறிந்த சங்கதி. அத்தனையும் பொக்லைனால் வந்ததல்ல. செங்குத்துச் சரிவில் காய்கறி போடுவதற்கும் பங்குண்டு.

குழாய்ப்பாலம் போடுகிறவர்கள் தண்ணீருக்கு மட்டும் கணக்குப் போடுகிறார்கள். மூன்றடிக் குழாயில் தண்ணீர் போகும். வேரோடு வரும் மரம் போகுமா? வாய் அடைத்ததும் வெள்ளம் சாலைமேல் ஏறி, சாலையைத் தாங்கும் மண்கரையை அரித்துவிடும். குழாய்களுக்குப் பதிலாக ஒரே பெரிய திறப்பாக வையுங்கள்; ஓடை கரைதட்டி ஓடும் அகலத்தைவிடக் கூடுதலாக இருக்கட்டும். தளம் போடாமல் ஓடைத்தரையை அப்படியே விடுங்கள். அஸ்திவாரம் அரிப்பு எட்டும் ஆழத்துக்கும் கீழே போகட்டும்.

பள்ளத்தாக்கு வாயில் விசிறிபோல் விரிந்த மேட்டில் மனை வாங்குவோர் முதலில் ஒரு குழி வெட்டுங்கள். பெரிய கல், சின்னக் கல், சேறு எல்லாம் தரம் பிரியாமல் கலந்து வந்தால், அதைக் கொண்டுவந்து கொட்டியது பெரும்பாலும் பாறைச்சேற்று வெள்ளம். அது ஒரு கனமீட்டருக்கு இரண்டு டன் வரை கனக்கும். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் பெயர்ந்த மண்ணும் பாறையும் ஏறத்தாழ 8 கி.மீ. ஓடி ஆற்றையே அகலமாக்கியதை இஸ்ரோவின் படங்களில் பார்த்தோம்.

மழை கொட்டும்போது ஓடை திடீரென வற்றினால், அல்லது சேறாக மாறினால், மேலே எங்கோ மண் சரிந்திருக்கலாம், ஓடையை அடைத்திருக்கலாம்; அது எந்த நேரமும் உடைத்துக்கொண்டு வரலாம். வண்டியை எடுக்கப் போகாதீர்கள். ஓடையை ஒட்டிக் கீழே ஓடாமல், தயவுசெய்து பக்கவாட்டில் மேடேறுங்கள்.