ஸ்மார்ட்போன் இல்லாவிட்டாலும் சான்றிதழ், ரேஷன் வாங்கலாம்

சாதிச் சான்று, வருமானச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று எதற்குப் போனாலும் "ஆன்லைன்ல போடுங்க" என்கிறார்கள். சேர்வராயன் மலையில், வீட்டு வாசலில் டவர் கிடைத்தால் உள்ளே கிடைக்காத ஊர்களில் இருப்பவர் என்ன செய்வார்? இதற்காகக் கடன் வாங்கி ஸ்மார்ட்போன் வாங்க வேண்டாம். ஆன்லைன் விண்ணப்பத்தை நமக்காகப் போட்டுத்தர இ-சேவை மையம் இருக்கிறது.

வட்டாட்சியர் அலுவலகத்திலும் பல கூட்டுறவுக் கடன் சங்கங்களிலும் இந்த மையங்கள் உண்டு. தனியாரும் அனுமதி பெற்று நடத்துகிறார்கள். சாதி, வருமானம், இருப்பிடச் சான்றுகளுக்குக் கட்டணம் 60 ரூபாய். முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்துக்கு 10 ரூபாய். கூடுதலாகக் கேட்டால் ரசீது கேளுங்கள், பேச்சு தானாகக் குறையும். விண்ணப்ப எண்ணும் அந்த ரசீதில்தான் இருக்கிறது.

முதல் தடவை போகிறவருக்கு 'கேன்' (CAN) எண், அதாவது விண்ணப்பதாரர் பதிவு எண் போடுவார்கள். அதற்கு ஒரு கைபேசி எண் வேண்டும். ஓடிபி வருகிற சாதா பட்டன் போன் போதும். சொந்த எண் இல்லையென்றால் மகன், மகள் எண்ணைக் கொடுங்கள். எஸ்டேட் மேஸ்திரி எண்ணையோ மையக்காரர் எண்ணையோ மட்டும் கொடுத்துவிடாதீர்கள். குறுஞ்செய்தியெல்லாம் அவருக்குப் போகும், அடுத்த விண்ணப்பத்துக்கும் அவர் பின்னாலேயே அலைய வேண்டும்.

இந்த மலையில் வாழும் மலையாளி பழங்குடியினர் கவனிக்க வேண்டியது ஒன்று. எஸ்.டி. (பழங்குடியினர்) சாதிச் சான்று தருபவர் வட்டாட்சியர் அல்ல, கோட்டாட்சியர். ஏற்காட்டில் விண்ணப்பித்தாலும் முடிவு அங்கே ஆகாது. கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் ஓடுவதைவிட, பிள்ளை பிளஸ் ஒன் படிக்கும்போதே போட்டுவிடலாம். மின்கையொப்பமும் கியூஆர் குறியீடும் உள்ள சான்றே செல்லும். அதற்கு மேல் பச்சை மையில் கையெழுத்து கேட்பது பழைய பழக்கம்.

அப்புறம் ரேஷன். காபித் தோட்டத்தில் வேலை செய்து ரேகை தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்காமல் போகலாம். ரேகை விழவில்லை, சிக்னல் இல்லை என்று பொருளை மறுக்கக் கூடாதென மத்திய உணவுத் துறை 2017-லேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. கடைக்கு வர முடியாத முதியவர் வேறொருவரை நியமித்துப் படிவம் கொடுக்கலாம். முதியோர், மாற்றுத்திறனாளிகளின் வீட்டுக்கே பொருள் கொண்டுபோகும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது.

டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு பெரியதுதான், ஆனால் அதை வைத்து நாளைக்கே நம் ஊரில் டவர் வந்துவிடாது. விண்ணப்பம் நகராமல் கிடந்தால் முதலமைச்சரின் உதவி மைய எண் 1100-க்கு அழைக்கலாம். திங்கட்கிழமை சேலம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் காகிதத்திலேயே மனு கொடுக்கலாம். தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி, கோப்பு யாரிடம் நிற்கிறது என்றும் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர உதவ வேண்டியது பொதுத் தகவல் அலுவலரின் கடமை. சட்டத்தின் 6-ஆவது பிரிவிலேயே இது இருக்கிறது.