ட்ரெண்டில் ‘கேப்’: இடைவெளியா, விடுபாடா?

“சார், ட்ரெண்ட்ல கேப் இருக்கு.”

ஆலையின் கன்ட்ரோல் ரூமிலிருந்து, அளவுக் கருவிகளைக் கவனிக்கும் இன்ஸ்ட்ருமென்ட் ஆளுக்கு அடிக்கடி வரும் போன் இது. இந்த வாக்கியத்தில் ‘ல’ என்ற உருபும் ‘இருக்கு’ என்ற வினையும்தான் தமிழ். அந்த ‘இருக்கு’ கூட ஏதோ ஒன்று இல்லை என்று சொல்லத்தான் வருகிறது. ட்ரெண்ட், கேப் இரண்டுக்கும் தமிழ் தேடப் போன இடத்தில், கோளாறு தேடும் வழியும் கொஞ்சம் தெளிவானது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ட்ரெண்ட். சமூக ஊடகத்து ‘ட்ரெண்டிங்’ இதற்குத் தூரத்து உறவு. ஆலையில் ட்ரெண்ட் என்றால், கொதிகலன் டிரம்மின் நீர்மட்டமோ உலை வெப்பமோ பம்ப் இழுக்கும் ஆம்பியரோ நேரத்தோடு எப்படி மாறியது என்று காட்டும் கோடு. பழைய ஆங்கிலத்தில் ‘ட்ரெண்டன்’ என்ற வினைக்கு உருளுதல், சுழலுதல், திரும்புதல் என்று பொருள். பிறகு ஆறும் கடற்கரையும் எந்தப் பக்கம் வளைந்து போகின்றன என்று சொல்ல அது பயன்பட்டது. ஒரு விஷயம் பொதுவாக எந்தத் திசையில் சாய்கிறது என்ற இன்றைய பொருள் 19ஆம் நூற்றாண்டில் வந்து ஒட்டிக்கொண்டது.

வேடிக்கை என்னவென்றால், ஆலைக்குள் வந்ததும் அந்தச் சொல் மறுபடி உருள ஆரம்பித்துவிட்டது. கணினித் திரைக்கு முன்பு வட்டச் சார்ட் ரெக்கார்டர்தான் இருந்தது. தட்டு வடிவக் காகிதம் 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று மெதுவாகச் சுற்றும். பேனா உள்ளும் வெளியுமாக அசைந்து கோடு இழுக்கும். நீளச் சுருள் காகித ரெக்கார்டர்களும் உண்டு. மை தீர்ந்தால் அல்லது காகிதம் சிக்கினால் கோடு நின்றுபோகும். காகிதத்தில் வெறுமை வெறுமையாகவே தெரியும். யாரும் ஏமாற மாட்டார்கள். 1975இல் ஹனிவெல்லின் டிடிசி 2000, யோகோகாவாவின் சென்டம் போன்ற டிசிஎஸ்கள் (ஆலையைக் கணினி வழியே கட்டுப்படுத்தும் அமைப்புகள்) வந்து, பேனாவின் இடத்தைத் திரை எடுத்துக்கொண்ட பிறகுதான் அந்த நேர்மை கொஞ்சம் குறைந்தது.

ட்ரெண்டுக்குத் தமிழில் ‘போக்கு’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. புள்ளியியலில் போக்குக்கோடு என்று எழுதுகிறார்கள். ‘போ’ என்பதிலிருந்து வந்தது, எளிது. வயிற்றுப்போக்கு நினைவுக்கு வருகிறது என்று சிரித்த நண்பர்கள் உண்டு. போக்குவரத்து என்று சொல்லும்போது சிரிப்பதில்லையே? ஆனால் இந்தச் சொல்லுக்குள் இன்னும் இரண்டு விஷயம் ஒளிந்திருக்கிறது. தொல்காப்பியச் சிறப்புப் பாயிரத்தில் ‘போக்கறு பனுவல்’ என்று வரும். அங்கே போக்கு என்றால் குற்றம். குற்றமற்ற நூல் என்பது பொருள். பேச்சிலோ ‘போக்குக் காட்டுவது’ என்றால் இந்தா பிடி என்று ஏமாற்றி நழுவுவது. ட்ரெண்டைப் பார்த்து ஏமாந்தவர்களுக்கு, போக்கைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியிலும் கிடைக்காது.

அடுத்தது கேப். பழைய நார்ஸ் மொழியில் பிளவு, பள்ளம் என்று பொருள். வாயைப் பிளப்பதற்கான ஆங்கிலச் சொல்லும் இதன் உறவுதான். நம்மூரில் ‘கேப்புல கெடா வெட்டுறான்’ என்கிற அளவுக்கு அது வீட்டுச் சொல்லாகிவிட்டது. இதற்கு எல்லோரும் சட்டென்று சொல்லும் தமிழ் ‘இடைவெளி’. எனக்கு அது மட்டும் போதவில்லை. ஏனென்றால் இடைவெளி குறை அல்ல. நாற்றுக்கு நாற்று இடைவெளி விடுகிறோம், வேண்டுமென்றே விடுகிறோம். வாக்காளர் பட்டியலில் பெயர் ‘விடுபட்டது’ வேறு கதை. அங்கே இருக்க வேண்டியது இல்லை. ட்ரெண்டிலும் இந்த இரண்டும் இருக்கின்றன, இரண்டையும் கேப் என்ற ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டுகிறோம். பாதி நேரம் வீணாவது அதனால்தான்.

எப்படி என்று பார்ப்போம். வரலாற்றுத் தரவைச் சேர்த்து வைக்கும் ஹிஸ்டோரியன் மென்பொருள், வந்த மதிப்பை எல்லாம் எழுதி வைப்பதில்லை. எட்கர் பிரிஸ்டல் 1987இல் காப்புரிமை பெற்ற ‘ஸ்விங்கிங் டோர்’ என்ற முறை பரவலாகப் பயன்படுகிறது. கடைசியாகச் சேமித்த புள்ளியின் மேலும் கீழும் இரண்டு கதவுகள் கீல் போட்டு நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். புதுப் புள்ளி ஒவ்வொன்றும் வரும்போது கதவுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். இரண்டு கதவும் இணைகோடாக நிற்கும் நிலையைத் தாண்டித் திறக்காதவரை நடுவில் வந்த புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் அடங்குகின்றன என்று பொருள். அவற்றைத் தூக்கி எறியலாம். தாண்டினால் அதற்கு முந்தைய புள்ளியைச் சேமித்து, கதவை மறுபடி மாட்ட வேண்டும். ஆலைகளில் அதிகம் புழங்கும் பிஐ மென்பொருளில், மதிப்பு அசையாமல் இருந்தால் 600 விநாடிக்கு ஒரு முறை புள்ளியைச் சர்வருக்கு அனுப்பு, 28,800 விநாடிக்கு ஒரு முறையாவது காப்பகத்தில் எழுது என்பதுதான் வழக்கமான அமைப்பு. 28,800 விநாடி என்றால் எட்டு மணி நேரம். ஆடாமல் அசையாமல் கிடக்கும் ஒரு தொட்டியின் மட்டத்துக்கு ஒரு நாளில் மூன்றே மூன்று புள்ளிகள் இருந்தால் அது கோளாறல்ல. அது இடைவெளி, போட்ட கணக்குப்படி விட்டது.

அளந்ததை அனுப்பும் கருவியான ட்ரான்ஸ்மிட்டரிலிருந்து மதிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை; அல்லது வந்தது, வழியில் தொலைந்தது. இது விடுபாடு.

சிக்கல் எங்கே என்றால், திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். மென்பொருள் இந்தப் புள்ளியையும் அந்தப் புள்ளியையும் சேர்த்து அழகாக ஒரு கோடு இழுத்துவிடும். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் இப்படித்தான் ஆனது. நள்ளிரவுக்குப் பிறகு நீராவி அழுத்தம் இறங்கி டர்பைன் ட்ரிப் ஆனது, அதாவது தானாக நின்றுவிட்டது. காலைக் கூட்டத்தில் ட்ரெண்டைத் திரையில் போட்டார்கள்: நாற்பது நிமிடம் சீராகச் சறுக்கி இறங்கும் சாய்கோடு. “இவ்வளவு நேரம் இறங்கியிருக்கு, ஷிஃப்ட்ல என்ன பண்ணிட்டு இருந்தீங்க?” என்று பேனல் ஆபரேட்டரைக் கேள்வி மேல் கேள்வி. பாவம், அவர் “சார், டக்குனு விழுந்துச்சு” என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். டிசிஎஸ்ஸின் அலாரம் பட்டியலை எடுத்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. ஒரு நிமிடத்துக்குள் விழுந்திருக்கிறது. நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றின் பவர் சப்ளை போய், ஹிஸ்டோரியனுக்கு அந்த நாற்பது நிமிடமும் எதுவுமே போகவில்லை. முன்னால் ஒரு புள்ளி, பின்னால் ஒரு புள்ளி. நடுவில் இருந்த சாய்கோடு மென்பொருளின் கற்பனை. அன்றைக்கு அந்த ட்ரெண்ட் எங்களுக்குப் போக்குக் காட்டியது.

உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. எண்கள் மட்டும் அப்படியே நிற்கின்றன. 266க்கு அடுத்து இருப்பதை 267 என்று மாற்றி ஓட்டையை அடைத்திருந்தால் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது. ஓலையில் செல் அரித்த இடத்துக்குக் காட்டிய அந்த மரியாதையை ட்ரெண்ட் திரைக்கும் காட்டலாம். நல்ல ஹிஸ்டோரியன்கள் காட்டவும் செய்கின்றன. தொடர்பு அறுந்தால் ‘ஐ/ஓ டைம்அவுட்’ என்பது போன்ற ஒரு குறியை மதிப்பின் இடத்தில் எழுதும். கோடு அங்கே முறிந்து நிற்கும். தரவை வாங்கி ஹிஸ்டோரியனுக்குக் கொடுத்து, அந்தக் குறியையும் எழுத வேண்டிய இன்டர்ஃபேஸ் கணினியே படுத்துவிட்டால்தான் ஆபத்து, எழுத ஆள் இருக்காது. ஹிஸ்டோரியனில் ஒவ்வோர் அளவுக்கும் வைக்கும் பெயரை டேக் என்பார்கள். இதற்கு ஆட்கள் கண்ட எளிய வழி ஹார்ட்பீட் டேக்: நிமிடத்துக்கு ஒன்று கூடிக்கொண்டே போகும் ஓர் எண். தொட்டி மட்டம் அசையாமல் இருக்கலாம், இந்த எண் அசையாமல் இருக்க முடியாது. அது நின்றால் விடுபாடுதான், சந்தேகமே இல்லை.

சரி, விடுபாடு என்று உறுதியாகிவிட்டது. எங்கே விடுபட்டது? எத்தனை டேக் என்பதுதான் என் முதல் கேள்வி. ஒரே ஒரு டேக் என்றால் ட்ரான்ஸ்மிட்டர், கேபிள், டேக் முகவரி, ஸ்கேனை யாராவது நிறுத்தி வைத்திருப்பது. ஒரு பிஎல்சியின் (கருவிகளை இயக்கும் சிறு கட்டுப்பாட்டுக் கணினி) டேக்குகள் மொத்தமும் என்றால் அந்த பிஎல்சிக்குப் போகும் வழி. ஆலை முழுக்க என்றால் சர்வர், டிஸ்க், உரிமம். அப்புறம் கடிகாரத்தைப் பார்ப்பேன். தினமும் இரவு இரண்டு மணிக்கே விடுபட்டால் கள வேலைக்குப் போகாதீர்கள். அந்த நேரத்தில் பேக்கப்பை ஓட்டுவது யார் என்று ஐடி ஆளைக் கேளுங்கள். மாதாந்திர விண்டோஸ் பேட்ச் போட்ட மறுநாள் தொடங்கியிருந்தால் அதுவும் ஒரு தடயம். ஆலைக் கருவிகளும் மென்பொருள்களும் தரவு பரிமாற 1996இல் வந்த பழைய ஓபிசி முறை, கணினிகளுக்கு இடையே மென்பொருள்கள் பேசிக்கொள்ள உதவும் மைக்ரோசாஃப்டின் டிகாம் மேல் நிற்கிறது. அதன் பாதுகாப்பை மைக்ரோசாஃப்ட் படிப்படியாக இறுக்கி, 2023 மார்ச்சில் தளர்த்தவே முடியாதபடி ஆக்கியது. அதற்குத் தயாராகாத ஓபிசி இணைப்புகள் பேட்ச் ஏறியதும் அறுந்தன.

விடுபட்ட பகுதி சில மணி நேரம் கழித்துத் தானாக நிரம்பினால் நல்ல செய்தி. இடையில் உள்ள கணினி, தொடர்பு இல்லாதபோது தன்னிடம் சேர்த்து வைத்துப் பிறகு அனுப்புகிறது. அதை ‘ஸ்டோர் அண்ட் ஃபார்வர்ட்’ என்பார்கள். தமிழில் ‘சேர்த்து அனுப்பல்’ என்றால் போதும். நிரம்பவே இல்லை என்றால் அந்த வசதி இல்லை, அல்லது அது அணைந்து கிடக்கிறது, அல்லது நிரம்பி வழிந்துவிட்டது.

தரவு இருந்தும் தெரியாமல் போவது மூன்றாவது வகை. ஓபிசியில் ஒவ்வொரு மதிப்போடும் ஒரு தர எண் வரும்: 192 நல்லது, 64 ஐயம், 0 கெட்டது. நல்லதை மட்டும் காட்டு என்று திரையில் வடிகட்டி போட்டிருந்தால் மற்றவை மறைந்துபோகும், காப்பகத்தில் பத்திரமாக இருக்கும். அதனால்தான் கோட்டைப் பார்க்காமல் மூலப் புள்ளிகளைப் பட்டியலாக எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். இதற்கு நான் ‘மறைப்பு’ என்று சொல்கிறேன். மேலான சொல் யாரிடமாவது இருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு சொல்: ‘ஹிஸ்டாரிக்கல் ட்ரெண்ட்’. நேராகப் பெயர்த்தால் ‘வரலாற்றுப் போக்கு’. செங்கொடி கட்டிய கருத்தரங்கத் தலைப்பு போல இருக்கிறது. வரலாறு என்பதை வரல் ஆறு, வந்த வழி என்று பிரிப்பார்கள். போக்கு போகிற வழி. வந்த வழி போகிற வழி என்று ஒரே சொல்லில் இழுப்பது எனக்குப் பிடித்தாலும், ஷிஃப்ட் லாகில் எழுத ‘பதிவுப் போக்கு’ போதும். ஓடிக்கொண்டிருப்பது ‘நேரடிப் போக்கு’.

இந்தச் சொற்களை எங்கள் லாக் புத்தகத்தில் எழுத ஆரம்பித்த புதிதில், பயிற்சிக்கு வந்த பையன் ஒருவன் ஒரு ரிப்போர்ட்டைக் கொண்டுவந்தான். மதியம் இரண்டு மணிக்கு எடுத்தது. கடைசி ஐந்தரை மணி நேரம் வெற்று. “அண்ணே, இதுக்கு இடைவெளின்னு எழுதவா, விடுபாடுன்னு எழுதவா?” ஐந்தரை என்றதுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ரிப்போர்ட் எழுதியவர் இரண்டையும் குழப்பி, இன்னும் நடக்காத நேரத்துக்குத் தரவு கேட்டிருக்கிறார்.

“ரெண்டும் இல்ல தம்பி. ‘இன்னும் வரல’ன்னு எழுது.”